ஆறு ஜன்னல் பஸ்

சட்டை தைக்கிறவர்கள் துணியை அதிகம் வீணாக்குவது அக்குளில்தான். கை வைப்பதற்காக வளைத்து வெட்டுகிறார்கள் பாருங்கள், அங்கே பிறைநிலா மாதிரி ஒரு துண்டு விழும். ரவிக்கையிலும் விழும், ஆனால் சட்டை அக்குளுக்கு ஈடாகாது. புதுமண்டபத்துத் தையல்காரர்கள் அந்தப் பிறைகளைக் காலால் மிஷினுக்கு அடியில் ஒதுக்கிவிடுவார்கள். நான் போய்க் கோணிச்சாக்கில் அள்ளிக்கொண்டு செல்லூருக்கு வருவேன். நாலு பிறையைச் சேர்த்தால் ஒரு பூ. முப்பது பூவைச் சேர்த்தால் குழந்தைக்கு ஒரு போர்வை. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பெரிய ஆளே கால் நீட்டிப் படுக்கலாம். மதுரை ஜனங்களின் அக்குளை நம்பிப் பதினான்கு வருஷம் சோறு தின்றவன் நான்.

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு என்னை ஞாபகம் இருக்கும். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், எண்பத்து மூன்று கார்த்திகையில், வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு ஊரில் ஸ்டவ் வெடித்து ஒரு பெண் இறந்துபோனாள். அன்னக்கொடி, வயது இருபத்திரண்டு, கைக்குழந்தைக்காரி. அவளைப் பெற்றவன் என்று ஒருவன் வந்தான். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. பையிலிருந்து துணி அட்டைகளை எடுத்து உங்கள் மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினான். அந்தச் சின்னச்சாமி நான்தான்.

அன்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் காகிதம்.

முதலில் விரல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இருந்தேன். எழுபத்தொன்றில் ஒருநாள் தறியின் பெல்ட் என் இரண்டு விரலை வாங்கிக்கொண்டது. பத்து விரலில் எட்டு மிச்சம், எண்பது மார்க், நான் பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு வாங்கியதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். கேட்டவர்களும் சிரித்தார்கள். என்னிடம் உள்ள கோளாறு அதுதான் ஐயா. எதற்கும் முதலில் ஒரு சிரிப்பைத் தேடுவேன். கிடைத்துவிட்டால் அதற்கு மேல் தேட மாட்டேன்.

வீட்டில் ஒரு பழைய தையல் மிஷின் இருந்தது. என் பெண்சாதி அதில்தான் அக்கம்பக்கத்துப் பாவாடைகளை அடித்துக்கொடுப்பாள். நான் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டது அவளிடம். இரண்டு வருஷம் கழித்து அவள் நெஞ்சுச்சளியோடு பெரியாஸ்பத்திரியில் படுத்தாள். பிள்ளைகளை உள்ளே விடவில்லை. மூத்தவள் அன்னக்கொடிக்குப் பன்னிரண்டு வயது, சின்னவள் சீனியம்மாளுக்கு ஒன்பது. அன்னக்கொடி புடவைப் பெட்டியின் அட்டையை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, அதன்மேல் துணித்துண்டுகளை ஒட்டித் தைத்து ஒரு வாத்து செய்தாள். பின்பக்கம் அம்மாவின் பெயரையும் வார்டு நம்பரையும் எழுதித் தபால்தலை ஒட்டி, நிஜமாகவே தபாலில் போட்டுவிட்டாள். அது போய்ச் சேர்ந்தது. என் பெண்சாதி அந்த வாத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் போனாள்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் துணி அட்டை வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் அட்டை போட்டுக்கொள்வோம். நான் கழுதை தைத்து அதற்கு என் மீசையை வைத்து அனுப்புவேன். எங்கள் தபால்காரர் சோணைமுத்து அலுத்துப்போவார்.

"அண்ணே, இது கடுதாசியா தலகாணி உறையா? முத்திரை குத்துனா மெத்தையில குத்துன மாதிரி அமுங்கிப் போகுதுண்ணே."

"மெதுவாக் குத்துப்பா. உள்ள என் மக இருக்கா" என்பேன்.

அன்னக்கொடியை என் அக்கா அழகம்மாளின் மகன் காசிமாயனுக்குக் கொடுத்தேன். அத்தை மகன், முறை மாப்பிள்ளை. வேறு யோசனைக்கே இடமில்லை. எங்கள் அம்மா செத்த பிறகு அக்காதான் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவள் வந்து வெற்றிலையை நீட்டி "உன் மகளக் குடுடா" என்றபோது, என் விரல்களையும் சேர்த்துக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அங்கே எட்டு மா வயல், கிணறு, ஒற்றைப் பையன்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் அக்கா வந்தாள்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்னு பெருமையாக் கட்டுனோம்டா. இப்ப அவ பேனா எடுத்தாலே யாருக்கு எழுதுறான்னு இவன் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ஒன் கடுதாசியயும் நாலு தடவ படிச்சுப் பாக்குறான். இனிமே அவ கடுதாசி எழுதவும் வேணாம், நீ போடவும் வேணாம். அம்புட்டுத்தான்."

"துணியில படம் தச்சு அனுப்பலாமாக்கா?"

"அந்தக் கிறுக்குத்தனத்த யாரு கேக்கப் போறா" என்றாள் அக்கா.

ஆக, கடிதம் நின்றுபோய் அட்டை மட்டும் மிஞ்சியது. இப்படி ஆகும் என்று அன்னக்கொடி முன்பே நினைத்தாளோ என்னவோ. கல்யாணத்தன்று காலையில், தலைக்கு ஊற்றி ஈரம் காயாமல் உட்கார்ந்துகொண்டு, தங்கைக்கும் எனக்கும் அவள்தான் ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தாள். மஞ்சள் துணியில் எந்தப் படம் இருந்தாலும் சரி, நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். சிவப்புத் துணியில் பஸ் இருந்தால், வந்து கூட்டிக்கொண்டு போ என்று அர்த்தம். நான் பதிலுக்குப் பஸ் தைத்து அனுப்பினால், வாரேன் என்று அர்த்தம். என்றைக்கு என்பதற்கு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு ஜன்னல், திங்கள் இரண்டு, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் வெள்ளிக்கு ஆறு, சனிக்கு ஏழு.

"நம்ம ஊரு பஸ்ஸு செவப்பா தாயி இருக்கு?" என்று கேட்டேன்.

"ரவிக்கைத் துணியில செவப்புதானப்பா நெறையக் கெடக்கு" என்றாள். அந்த மாதிரிக் காரியங்களில் அவள் கெட்டி.

முதல் வருஷம் பூராவும் மஞ்சள்தான். மஞ்சளில் கிளி, மஞ்சளில் கத்தரிக்காய், பிள்ளை உண்டானபோது மஞ்சளில் ஒரு பானை. பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்து முதல் சிவப்பு வந்தது. நான் போனேன் ஐயா. நாலு நாள் கழித்துப் போனேன், போர்வை ஒன்று கைவேலையாக இருந்தது. அக்கா கோழி அடித்தாள். மாப்பிள்ளை காசிமாயன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, ஒங்க மக நல்லாத்தான் இருக்கா, கேட்டுப் பாருங்க" என்றான். கேட்டேன். அவன் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன். நன்றாக இருக்கிறேன் என்றாள். மணிக்கட்டில் வளையல் இருக்க வேண்டிய இடத்தில் வீங்கியிருந்தது. குழந்தையைத் தூக்கித் தூக்கி அப்படி ஆகும் என்று அக்கா சொன்னாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. கோழிக்குழம்பு நன்றாக இருந்தது.

புரட்டாசியில் அவளே வந்துவிட்டாள், சீனி வீட்டில் இல்லாத நேரம். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை, கையில் ஒரு மஞ்சள் பை.

"அப்பா, நான் இனி அங்க போகல."

"சாப்பிட்டியா தாயி?"

"சாப்பிட்டேன். போகல."

நான் அவளை அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். காரணம் உண்டு. சீனியம்மாளுக்கு அவனியாபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், பீடிகூடக் கிடையாது. அவருடைய தாயார் சீனி தைத்த போர்வையைத் தடவிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த இடத்தில் என் மகள் தினமும் அடி வாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று எழுதிவிட்டேன் பாருங்கள். ஒருத்தி அடி வாங்குகிறாள் என்று தெரியாவிட்டால், இன்னொருத்தி வாங்க மாட்டாள் என்பது எப்படித் தெரியும்? சரி, இருக்கட்டும். சம்பந்தம் பேசிய எங்கள் தெரு உக்கிரபாண்டி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "மூத்தது நல்லா வாழுதுல்லண்ணே? அவுக அத மட்டும் கேட்டுக்கிரச் சொன்னாக." நல்லா வாழுது என்று சொல்லியிருந்தேன்.

போகிற பஸ்ஸில் அன்னக்கொடியைச் சிரிக்கவைத்தேன். கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் குழந்தை திடுக்கிட்டு முழித்தது. இது பெரிய அதிகாரியாகும், கண்டக்டரையே முறைக்கிறது என்றேன். சிரித்தாள். சிரிக்கிறவளுக்கு அப்படி என்ன பெரிய கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடினாள். முன்பல் ஒன்று இல்லை என்பதை வாடிப்பட்டி தாண்டிய பிறகுதான் கவனித்தேன். இறங்குகிற இடம் வந்துவிட்டது, கேட்க நேரமில்லை.

கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசி அட்டை வந்தது. அதில் இரண்டு பஸ் இருந்தது. ஒன்றன் பின்னால் ஒன்று. கணக்கில் அப்படிக் கிடையாது, அவளே புதிதாகச் சேர்த்திருந்தாள். தையல் கோணிப்போயிருந்தது. அவள் கையிலிருந்து கோணல் தையல் நான் பார்த்ததே இல்லை.

அவனியாபுரத்தார் பூ வைக்க வருவது அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. இதை ஐயா நிதானமாகப் படிக்க வேண்டும், இதுதான் அந்தத் திருத்தம். நான் அவளைக் கைவிட நினைக்கவில்லை. ஞாயிறு பூ வைத்து முடிந்ததும் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய் அவளையும் குழந்தையையும் கூட்டிவந்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். உறுதியாக ஒரு முறை வெற்றிலை மாற்றிவிட்டால் அப்புறம் மூத்தவள் வந்து உட்கார்ந்திருந்தாலும் பேச்சு வராது. இடையில் ஆறு நாள். அந்த ஆறு நாளும் அவள் அங்கேயே இருக்க வேண்டும். புரட்டாசியில் வந்த மாதிரி குழந்தையோடு வந்து வாசலில் நின்றுவிடக் கூடாது.

அதற்கு என்ன செய்வது என்று யோசித்தேன். திங்கட்கிழமை வாரேன் என்று உள்ளதைச் சொல்லி அனுப்பலாம், இரண்டு ஜன்னல். ஆனால் இரண்டு பஸ் தைத்து அனுப்புகிறவள் திங்கள்வரை தாங்க மாட்டாள், முந்தியே கிளம்பிவிடுவாள் என்று பட்டது. வெள்ளி என்று சொன்னால் வெள்ளிவரை நிச்சயம் இருப்பாள். வெள்ளி நான் போகாவிட்டால், அப்பாவுக்கு ஏதோ தடங்கல், நாளைக்கு வருவார் என்று சனியும் இருப்பாள். அப்புறம் ஞாயிறும் இருப்பாள். வாரேன் என்று ஒரு வார்த்தை கையில் இருந்தால் மனுஷர்கள் மூன்று நாள் தாங்குவார்கள். செல்லூர்க் குழாயடியில் தண்ணீர் வரும் என்று நிற்கிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே செவ்வாய் ராத்திரியே, சீனி தூங்கிய பிறகு, உட்கார்ந்து பஸ் தைத்தேன். ஆறு ஜன்னல். அவசரமாகத் தைக்கவில்லை. சக்கரத்துக்குக் கறுப்புச் சட்டைக் காலர், ஜன்னலுக்குச் சுங்குடிப் புடவைத் துண்டு, ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வெள்ளைப்புள்ளி விழுகிற மாதிரி வெட்டினேன். டிரைவர் இடத்தில் என்னையே வைத்து, மீசையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டேன். அவள் பார்த்ததும் சிரிப்பாள் என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், நான் தைத்ததிலேயே நல்ல அட்டை அதுதான். புதன்கிழமை காலையில் நானே தலைமைத் தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் போட்டேன், அவளுக்கு வியாழனே கிடைக்க வேண்டும் என்று.

வியாழன் காலையில் கிடைத்துவிட்டது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அங்கே அடுத்த வீட்டு ஒச்சம்மாள் சொன்னாள். அவள் வாரா வாரம் வியாழக்கிழமை முருங்கைக்காய்க் கட்டோடு மதுரைக்கு வருகிறவள். அடக்கமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள், என்னைக் கிணற்றடியில் தனியாகப் பார்த்து நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு மதுரைக்குப் போறேன், கூட வா தாயின்னு கையப் புடிச்சு இழுத்தேண்ணே. அதுக்கு மொதநாளு அடிச்ச அடி எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. 'எங்கப்பா நாளைக்கு வாராருக்கா, ஒரு நாளுதான'ன்னுச்சு. ஒரு துணியக் காட்டிச்சுண்ணே, பஸ்ஸு தச்சது. மீசையத் தொட்டுத் தொட்டுச் சிரிச்சுச்சு. நீங்க ஏண்ணே வரல?"

"வண்டி கெடைக்கலம்மா" என்றேன்.

அதற்கு மேல் அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் காசிமாயன் வயலுக்குப் போனான், அக்கா சாவு கேட்க ஒரு துஷ்டி வீட்டுக்குப் போனாள். அன்னக்கொடி குளித்து, மஞ்சள் பையையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு, ரோட்டில் பஸ் நிற்கிற புளியமரத்தடிக்குப் போய்விட்டாள். மதுரைப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து நின்றாள். எதிர்ப்பக்கம் மதுரைக்குப் போகிற பஸ்ஸும் அதே மரத்தடியில்தான் நிற்கும். அவள் ஏறிக்கொள்ளலாம், கையில் டிக்கெட்டுக்கு இருந்தது. ஆனால் அப்பா வந்து இறங்கும்போது தான் இல்லாவிட்டால் அவர் அந்த வீட்டுக்குள் தனியாகப் போய் அகப்பட்டுக்கொள்வார் என்று ஒச்சம்மாளிடம் சொன்னாளாம். என்னைக் காப்பாற்ற நின்றிருக்கிறாள் ஐயா. விளக்கு வைக்கிற நேரத்தில் காசிமாயன் சைக்கிளில் திரும்பினான். பெண்சாதி தலைவாரிப் பூ வைத்து, பையோடு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "எவனுக்குடி காத்துக்கிட்டு நிக்கிற?" என்று அவன் கேட்டது பஸ்ஸுக்கு நின்ற நாலு பேருக்கும் கேட்டது. ஏதோ ஒரு ஆம்பளைக்காகக் காத்து நிற்கிறாள் என்று அவன் நினைத்தான். அது நிஜம்தான். அந்த ஆம்பளை நான்.

வீட்டுக்குள் போன பிறகு தீக்குச்சியை யார் கிழித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் அங்கே இல்லை. என் குற்றம் அதுதான்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் உட்காரத் தரைவிரிப்பு தைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை நீங்கள் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் கேட்டீர்கள். "உங்க பொண்ணு எப்பவாவது கஷ்டம்னு சொல்லியிருக்காங்களா?" நான் இல்லை என்றேன். ஊரிலிருந்து கிளம்பும்போதே எல்லா அட்டைகளையும் பையில் எடுத்துப் போட்டிருந்தேன். சிவப்பை மட்டும் ஒளித்தால்தான் சந்தேகம் வரும், கலந்து வைத்தால் விளையாட்டுப் பொருள். கிளி, கத்தரிக்காய், பானை, பஸ் என்று பரப்பி, "பாருங்கய்யா, சந்தோஷமா இல்லாதவ இப்படியெல்லாம் தைப்பாளா?" என்று கேட்டேன். நீங்கள் அவளுடைய மஞ்சள் பையிலிருந்து என் அட்டையை எடுத்து நீட்டி, "இது நீங்க அனுப்புனதா?" என்றீர்கள். ஆமாம், சும்மா விளையாட்டுக்கு என்றேன். மீசையைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டுக்காரன் முன்னால் சிரித்துவிட்டோமே என்று உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நல்ல மனுஷர். உங்கள்மேல் தப்பே கிடையாது. அந்தக் கணக்கு உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தி செத்துவிட்டாள், ஒருத்தி செல்லூரில் இருந்தாள், ஒருவன் உங்கள் எதிரில் பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏன் சொன்னேன் என்றால், அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு, "என் ஒத்தப் பயலப் புடிச்சுக் குடுத்துராதடா" என்று அழுதாள். என்னை இடுப்பில் தூக்கியவள் என் காலில் விழுந்தால் நான் என்ன செய்வது? அது ஒன்று. போலீஸ் கேஸ் என்று ஆகாவிட்டால், அவனியாபுரத்தார் தள்ளிப்போட்டாலும் விட்டுவிட மாட்டார்கள் என்ற நப்பாசை. அது இரண்டு. அவளுடைய அட்டைக்கு அர்த்தம் சொன்னால் என்னுடைய அட்டைக்கும் அர்த்தம் சொல்ல வேண்டிவரும். இந்த மூன்றாவதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அவனியாபுரத்தார் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தத் தாயார் மட்டும் துக்கம் கேட்க வந்து, தைத்துக்கொண்டிருந்த தரைவிரிப்பைப் பார்த்துவிட்டுப் போனார்.

தை மாதம் அக்கா மறுபடி வெற்றிலையோடு வந்தாள், இந்தத் தடவை இடுப்பில் அன்னக்கொடியின் குழந்தை. குழந்தையைச் சீனியிடம் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். என் அக்கா கெட்டிக்காரி. வேற்றாள் வந்தால் மூத்தாள் பிள்ளையை வைத்துப் பார்ப்பாளா, தங்கச்சி என்றால் ரத்தம், அவனும் முன்ன மாதிரி இல்லை, திருந்திவிட்டான், சாமிக்கு மாலை போட்டிருக்கிறான் என்றாள். நான் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீனிக்குச் சிவப்பு அட்டைகளைக் காட்டியிருந்தால் போதும், வார்த்தைகூட வேண்டாம். எல்லா அட்டையும் மஞ்சள் என்றுதான் அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். சிவப்பெல்லாம் மிஷின் பெட்டிக்குள் இருந்தது, அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு முழம்.

"அக்கா அங்க நல்லாத்தானப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள், குழந்தைக்கு விரலைச் சப்பக் கொடுத்துக்கொண்டே.

"நல்லா இருந்துச்சு தாயி. அது விபத்து."

"அப்ப நானே இதப் பாத்துக்கிறேன்" என்றாள்.

வைகாசியில் கல்யாணம். சீனி போகும்போது வெட்டுத்துணி ஒரு பை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "அதே கணக்குத்தானப்பா?" என்றாள். அதே கணக்குத்தான் என்றேன்.

ஒரு வருஷம் மஞ்சள் வந்தது. போன திங்கட்கிழமை சோணைமுத்து, "அண்ணே, சின்னத்தாயியும் பஸ்ஸு விட ஆரம்பிச்சிருச்சு போலருக்கு" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். சிவப்பு பஸ். சீனிக்கு அக்காவின் கைநேர்த்தி கிடையாது, சக்கரம் சதுரமாக இருக்கிறது. ஜன்னலில் இரண்டு தலை வைத்திருக்கிறாள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

இந்த முறை நான் தப்புப் பண்ணப் போவதில்லை. செவ்வாய்க்கிழமையே பதில் போட்டுவிட்டேன், ஆறு ஜன்னல். அன்றே இந்தக் காகிதத்தையும் எழுத ஆரம்பித்தேன். சும்மா போய்க் கூட்டிவந்தால் அக்கா மறுநாள் வந்து அழுவாள், நான் இளகிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். போகிற வழியில் இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டால் பிறகு நான் நினைத்தாலும் திரும்ப முடியாது. கூட ஒரு ஏட்டையாவை அனுப்பினால் நல்லது.

வெறும் காகிதத்தை நம்புவீர்களா என்று யோசனை வந்தது. அத்தாட்சி வேண்டும். அன்னக்கொடியின் முப்பத்தோரு துணிகளையும் அட்டையிலிருந்து பிரித்து, வந்த தேதி வரிசையில் ஒரே போர்வையாக இணைத்திருக்கிறேன். மேலேயிருந்து படித்துக்கொண்டே வந்தால் யாருக்கும் புரியும். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், ஒரு சிவப்பு, மறுபடி இரண்டு மஞ்சள், கடைசியில் இரண்டு பஸ். நடுவில், நீங்கள் அன்று திருப்பிக் கொடுத்த என்னுடையதை வைத்திருக்கிறேன், மீசையோடு. இணைப்பெல்லாம் முடிந்து ஓரம் மட்டும் பாக்கி. ஓரம் அடிக்காமல் எடுத்துவந்தால் நூல் பிரிந்துவிடும், கோர்ட்டில் வைக்கிற சாமானைக் கந்தலாகக் கொடுப்பது நன்றாக இருக்காது. அதற்கு ஒரே ரகத்தில் மஞ்சள் வேண்டியிருந்தது. அதைத் தேடித்தான் நேற்றுப் பூராவும் புதுமண்டபத்தில் கடை கடையாக அலைந்தேன், பொழுது போனதே தெரியவில்லை. கடைசியில் நல்ல மஞ்சளாகவே கிடைத்தது. ஒரு பக்கம் அடித்துவிட்டேன், மூன்று பக்கம் இருக்கிறது. துண்டும் மாற்று வேட்டியும் பையில் எடுத்து வைத்தாயிற்று. சீனி விவரமானவள், அக்காவை மாதிரி ரோட்டில் போய் நிற்க மாட்டாள். இந்தத் தடவை கட்டாயம் போய்விடுவேன் ஐயா, வெள்ளிக்கிழமை வாரேன் என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை.